நாலு பச்சைப் பொத்தான்

ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றிவிட்டீர்களா?

நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கின பிறகு சமையலறையில் உட்கார்ந்து, வரலாற்றுப் புத்தகத்துக்குள் தாளை வைத்து எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் படிக்கிற மாதிரி இருக்கும். போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பேசினாலும் இந்த வீட்டில் மூச்சு விட்டால்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்கும். பதில் எழுதினால் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள் பேச்சை எடுத்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "அவ ஆபீஸ்லேர்ந்துதானே எல்லாக் காகிதமும் வந்துச்சு" என்கிறாள். நீங்கள் ஆலையின் தலைமை அலுவலகத்தில் டைப் செய்கிறவர்தானே, முடிவு எடுக்கிறவர் இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். "ரொம்பத் தெரிஞ்சவ மாதிரி பேசாத, போய் படி" என்றாள்.

மே கடைசியில் ஆலையில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அப்பா தப்பித்தார். நெட்டை மாமா தப்பிக்கவில்லை. போன தடவை நீங்கள் வந்தபோது நம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, "இந்த வீட்டைக் கட்டினவன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாரே, அவர்தான். அவர் மகள் குள்ளி வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள். இப்போது முதல் பெஞ்சுக்குப் போய்விட்டாள். கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சரிடம் சொன்னாளாம்.

அப்பாவும் நெட்டை மாமாவும் ஒரே பிரஸ்ஸில் இருந்தார்கள். ஃப்ரிட்ஜ் கதவுக்குத் தகடு அழுத்துகிற பழைய இயந்திரம் அது. அப்பா முன்னால், மாமா பின்னால். ஆளுக்கு இரண்டு பச்சைப் பொத்தான். நாலையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். நாலு கையும் பொத்தான்மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இப்போது பின்னால் ஆள் இல்லை. நேற்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள்.

"ஒத்தை ஆளா எப்படிங்க ஓட்டுறீங்க? பின்னாடி பட்டனை யாரு அமுக்குறா?"

"மரக்கட்டை."

"என்னது?"

"ரெண்டு சின்னக் கட்டை. பட்டனை அமுக்கி இடுக்குல செருகிட்டா நாள் பூரா அப்படியே இருக்கும். நல்ல கூட்டாளி. லீவே கேக்காது."

அம்மா சிரிக்கவில்லை. அப்பா, "என் கை ரெண்டும் முன்னாடி பட்டன்மேலதானே இருக்கு, ஏன் இப்படிப் பாக்குற" என்றார். அது சரிதான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

சித்தி, அந்த பிரஸ்ஸுக்கு இன்னொரு ஆள் போடச்சொல்லி உங்கள் ஆபீஸில் யாரிடமாவது சொல்ல முடியுமா? அப்பா பெயர் மட்டும் வரக் கூடாது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 24

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் அக்காவும் உன் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். தலைவலிக்குக் கண்ணாடி காரணம் இல்லையாம், கழுத்துதான் காரணமாம். குனிந்தே உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்.

உன் கையெழுத்து எவ்வளவு அழகாக ஆகிவிட்டது! ராத்திரி விழித்திருந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

உன் அப்பா அனுபவசாலி. அவருக்குத் தெரியாததையா நீ கண்டுபிடித்துவிட்டாய்? இருந்தாலும் விசாரிக்கிறேன். இங்கேயும் ஆள் குறைந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி போனதிலிருந்து அவள் வேலையும் என்னிடம்தான். அவள் பூச்செடிக்கும் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். அதிகாரியிடம் பேச நல்ல நேரம் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு என்மேல் கோபம் இருக்கட்டும். அக்காவுக்குக் கோபித்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

அன்புடன்,
சித்தி


ஜூலை 7

அன்புள்ள சித்திக்கு,

சுகம். உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள், உங்களுக்கு அங்கே யார் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை ப்யூன் அண்ணன் வகுப்புக்கே கொண்டுவந்தார். ஆலையின் பெயர் அச்சடித்த கவரைப் பார்த்ததும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தக் கவர் மாதிரி ஒன்று வேலை போன பலபேர் வீட்டுக்கு வந்திருக்கிறது. குள்ளியும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வேலை இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டார் என்று அம்மா என்னை அனுப்பினாள். கேட்டில் கொடுத்துவிட்டு வா என்றாள். கேட்டில் யாரும் இல்லை சித்தி. காவலாளியையும் நிறுத்திவிட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு உள்ளே நடந்தே போனேன். ஒருத்தரும் என்னைத் தடுக்கவில்லை. நர்ஸ் அறையில் பூட்டுத் தொங்கியது. கேன்டீனில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். பெரிய கொட்டகையில் பாதி விளக்கு எரியவில்லை. எரிகிற இடத்தில் அப்பா இருந்தார்.

நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. தகட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் அது சரிந்தது. பின்பக்கம் ஓடிப் போய்த் தள்ளினார். முன்பக்கம் ஓடி வந்தார். மறுபடியும் சரிந்தது. கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு நகர்த்தினார். அப்புறம் கையை எடுத்து, "கை?" என்று சத்தமாகக் கேட்டார். தானே, "இருக்கு" என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினார். தரை அதிர்ந்தது. என் கையில் டப்பா அதிர்ந்தது.

அது அவர்கள் வழக்கம். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். நெட்டை மாமா வீட்டுக்கு வந்தால்கூட வாசலில் நின்று "கை?" என்று கத்துவார், அப்பா உள்ளேயிருந்து "இருக்கு, வா" என்பார்.

சூப்பர்வைசர் அந்த வழியாக ஓடினார். அவருக்கு இப்போது மூன்று கொட்டகை. என்னைப் பார்த்து நின்றார்.

"யாரும்மா உன்னை உள்ள விட்டது?"

"யாரும் இல்ல சார்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினார்.

அப்பா டப்பாவை வாங்கிக்கொண்டு, "அம்மாகிட்ட எதுவும் சொல்லாத, என்ன?" என்றார். தலையாட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நல்ல நேரம் வந்துவிட்டதா சித்தி?

உங்கள் வாலு


ஜூலை 30

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வெந்நீர் ஒத்தடம் நானே கொடுத்துக்கொள்கிறேன், ஒரு கைதான் எட்டவில்லை.

இனிமேல் நீ ஆலைக்குள் போகக் கூடாது. இது சித்தியின் கட்டளை.

நீ கேட்டதற்கு என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். எல்லா ஆலைக்கும் ஒரு சுற்றறிக்கை போகிறது. இயந்திரத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளை யாரும் மாற்றக் கூடாது, மாற்றினால் நடவடிக்கை என்று. அதிகாரி முதலில் வேண்டாம் என்றார், பிறகு ஏதோ யோசித்து, சரி என்றார். எந்த ஊர், எந்த ஆள் என்று எதுவும் அதில் இல்லை. விதியைக் காட்டினால் சூப்பர்வைசர் இரண்டாவது ஆளைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? அப்படித்தான் நினைக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
சித்தி


ஆகஸ்ட் 20

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கழுத்துக்கு டாக்டரிடம் போனீர்களா?

சுற்றறிக்கை வந்தது. பலகையில் ஒட்டினார்களாம். அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"சூப்பர்வைசர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, படிச்சாச்சான்னு கேட்டான். படிச்சோம்னு கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டோம்."

"அப்ப இன்னொரு ஆள் தருவாங்களா?"

"அதை நானும் கேட்டேன். 'மேலே எழுதிப் போட்டிருக்கேன், அதுவரைக்கும் இருக்கிறதை வச்சு ஓட்டுங்க'ன்னான். மேலே எழுதினானோ, மேலே பார்த்துட்டு வந்தானோ."

"கட்டையை எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்தா மெஷின் எறங்காது. மெஷின் எறங்கலைன்னா என்னை எறக்கிடுவான்."

அந்த வாரமே தகடு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள்.

சித்தி, இப்போது மூன்று கட்டை. தகடு சரியாமல் இருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதாம். அதனால் முன்னால் இருக்கிற இரண்டில் ஒன்றையும் அடைத்துவிட்டார். மீதி ஒரு பொத்தான்தான். வலது கையால் அதை அழுத்துகிறார். இடது கை உள்ளே தகட்டைப் பிடித்திருக்கிறது. அழுத்துவதற்கு முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது இடது கைப் பக்கம் மட்டும் முழங்கை வரைக்கும் எண்ணெயாக இருந்தது. கேட்டேன். "நீ ரொம்பப் பாக்குற" என்றார். பிறகு சொன்னார்.

அடுத்த கொட்டகையில் ஒருவருக்கு விரல் நுனி போய்விட்டது. நர்ஸ் இல்லாததால் யாரோ ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்களாம். கதவில் நசுங்கியது என்று சொல்லச் சொன்னார்களாம். அவரும் அப்படியே சொல்லிவிட்டு நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார்.

அப்பா தினமும் திரும்பி வரும் நேரத்தில் வாசலில் காத்திருக்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. பயமாகக்கூட இல்லை இப்போது. உள்ளே ஏதோ மரத்துப்போன மாதிரி இருக்கிறது, பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி.

சுற்றறிக்கை போதாது சித்தி. அப்பா பெயர் வந்தாலும் பரவாயில்லை. எந்த பிரஸ், எத்தனை கட்டை, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நான்தான் சொல்லச் சொன்னேன்.

உங்கள் வாலு


செப்டம்பர் 3

வாலு,

நலம். நாளைக் காலை அதிகாரியைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நீ நிம்மதியாகத் தூங்கு. வீட்டில் வாயைத் திறக்காதே.

சித்தி


அக்டோபர் 5

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ப்யூன் அண்ணனிடம் தினமும் கேட்கிறேன். "உனக்கு வந்தா நானே ஓடி வரமாட்டேனா, என்னை ஏன் திருடன் மாதிரி பாக்குற" என்கிறார். ஆபீஸில் பேசினீர்களா? என்ன சொன்னார்கள்? உடம்பு சரியில்லையா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறேன். குள்ளி முதல்.

உங்கள் வாலு


அக்டோபர் 23

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கேட்டிலிருந்து நேராக அப்பா பிரஸ்ஸுக்குத்தான் போனார்களாம். வேறு எங்கேயும் நிற்கவில்லையாம். மூன்று கட்டையையும் போட்டோ எடுத்தார்கள். அப்பாவை ஒரு கையால் பிடித்துக்காட்டச் சொல்லி அதையும் எடுத்தார்கள். சூப்பர்வைசர், எனக்கு எதுவும் தெரியாது, மூன்று கொட்டகையை ஒருத்தன் எப்படிப் பார்ப்பான் என்று சொன்னாராம். அது பொய் இல்லை.

பிறகு அப்பாவிடம் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டினார்கள். கீழே அப்பா கையெழுத்து இருந்தது. "படிச்சுட்டுத்தானே போட்டீங்க?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றார் அப்பா. பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறினார் என்று எழுதி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். விதியை மீறி நீக்கப்பட்டவர் என்பதால் நெட்டை மாமாவுக்குக் கொடுத்த மாதிரி பணம் எதுவும் கொடுக்கவில்லை.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். வெயில் நேரத்தில் அவரை வீட்டில் பார்த்து எவ்வளவோ நாள் ஆகிறது. கட்டிலில் உட்கார்ந்து சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். நான் கையைப் பார்த்தேன். இரண்டும் இருந்தது.

அம்மாதான் கத்தினாள்.

"யாரோ வயித்தெரிச்சல்ல போட்டுக் கொடுத்திருக்காங்க. எனக்குத் தெரியாதா? தன் வேலை போச்சுன்னு உங்க வேலையிலயும் மண்ணைப் போட்டுட்டான் அந்த நெட்டை."

"சும்மா இரு. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"பின்ன வானத்துலேர்ந்து வந்து போட்டோ எடுத்தாங்களா? எந்த மெஷின்னு எப்படித் தெரியும்? எத்தனை கட்டைன்னு எப்படித் தெரியும்?"

அப்பா சீருடையை மறுபடி பிரித்தார். நான் தண்ணீர் குடித்தேன். சொம்பு முழுக்கக் குடித்தேன். மறுநாள் அம்மா தெருக் குழாயடியில் நெட்டை மாமா வீட்டு அத்தையை எல்லோர் முன்னாலும் திட்டினாள். அத்தை குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

ஒரு வார்த்தை எழுதுங்கள் சித்தி. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் வாலு


நவம்பர் 28

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். கழுத்து வலி இப்போது சுத்தமாக இல்லை.

உன் கடிதங்கள் எல்லாம் எங்கெங்கோ சுற்றி, ஒன்றாகச் சேர்ந்துதான் கைக்கு வந்தன. இனி இந்தத் தாளின் மேலே இருக்கிற முகவரிக்கே எழுது. ஒரு சிநேகிதி வீட்டு மாடி அறை. காற்றோட்டமாக இருக்கிறது.

செப்டம்பரில் அதிகாரியிடம் எல்லாம் சொன்னேன். உட்காரச் சொன்னார். முழுசாகக் கேட்டார். குறித்துக்கொண்டார். இரண்டாவது ஆள் போட்டால் போதும் சார், வேறு எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னேன். நிச்சயமாகப் பார்க்கிறோம் என்றார். வந்து சொன்னதற்கு நன்றி என்றார். எழுந்து நின்று சொன்னார். நான் சந்தோஷமாகப் படி இறங்கினேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இது உன்னால் வந்தது இல்லை. அப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. சொல்ல வேண்டிய நாள் வந்தால் நானே வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி


டிசம்பர் 8

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் கிடைத்தது. நிம்மதி. நாங்கள் சுகம்.

ஒன்று கேட்கலாமா? கவர் ஏன் வெள்ளைக் கவர்? ஆபீஸ் கவர் தீர்ந்துவிட்டதா? நீங்கள் இப்போது எந்த நேரத்துக்கு ஆபீஸ் போகிறீர்கள்? பக்கத்து மேஜை பூச்செடி எப்படி இருக்கிறது?

அம்மா துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நாள் பூரா நிற்க வேண்டும். முழங்கால் வீங்கியிருக்கிறது. அப்பா விண்ணப்பம் போட்ட இடத்தில் எல்லாம், ஏன் நீக்கினார்கள் என்று கேட்கிறார்களாம். அவர் உள்ளதைச் சொல்லிவிடுகிறாராம். "பொய் சொல்லித் தொலைச்சா என்ன?" என்று அம்மா கேட்டாள். "கையெழுத்துப் போட்டிருக்கேனே" என்றார்.

நேற்று நெட்டை மாமாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய ஆள், அந்த பிரஸ் தெரிந்தவர் என்று. விஷயம் தெரிந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். சண்டை போடத்தான் போகிறார் என்று அம்மா வாசலிலேயே நின்றாள். வெகுநேரம் கழித்து வந்தார். சாப்பிட்டார், படுத்துக்கொண்டார்.

இரண்டு ஆளாகப் போடுவார்களா சித்தி? உங்கள் அதிகாரி நிச்சயமாகப் பார்க்கிறோம் என்று சொன்னாரே.

உங்கள் வாலு


ஜனவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அக்காவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். யார் கொடுத்தது என்று கேட்டால் டீச்சர் கொடுத்ததாகச் சொல்.

பூச்செடியை நான் இங்கே எடுத்துவந்துவிட்டேன். ஜன்னலில் வைத்திருக்கிறேன். காலையில் நிறைய நேரம் இருக்கிறது, வெயில் எப்படி நகர்கிறதோ அதற்கேற்பத் தொட்டியை நகர்த்தி வைக்கிறேன்.

கணக்கை விட்டுவிடாதே. குள்ளியோடு பேசு. அவளும் உன் வயசுதானே.

அன்புடன்,
சித்தி


ஜனவரி 19

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் சுகம். களிம்பு கொடுத்தேன். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இது உன் சித்தி தேய்க்கிற களிம்பு வாசனை" என்றாள். டீச்சர் கொடுத்தது என்றேன். வாங்கித் தேய்த்துக்கொண்டாள். மறுநாளும் தேய்த்துக்கொண்டாள்.

நான் கேட்டதற்கு நீங்கள் நேராகப் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. காலையில் நிறைய நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இப்போது ஆபீஸ் இல்லை என்று எனக்குப் புரிந்தது. நான் சொல்லச் சொன்னதால்தான் என்பதும் புரிந்தது. திட்டமாட்டீர்கள் என்று தெரியும்.

குள்ளியோடு பேசினேன். நான் பேசவில்லை, அவள்தான் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்து, "தள்ளி உக்காருடி" என்றாள். கரும்பலகை இங்கேயிருந்து தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியாமலா இருந்துச்சு, லூசு" என்றாள். அவள் அப்பாவுக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கு முகமே மாறியிருக்கிறது. புது ஷூ போட்டிருந்தாள். மேஜைக்கு அடியில் காலை நீட்டிக் காட்டினாள்.

"உங்க அம்மா குழாயடியில கத்தினதுக்கு எங்க அம்மாவுக்கு இன்னும் கோவம். ஆனா எங்க அப்பாதான், அதெல்லாம் மனசுல வச்சுக்காதேன்னு சொன்னாரு" என்றாள்.

நான் கேட்டுவிட்டேன். பிரஸ்ஸில் இரண்டு ஆளா, ஒரு ஆளா என்று.

"ஒத்தை ஆளுதான். ஆனா எங்க அப்பா சமாளிச்சுடுவாரு. உங்க அப்பாதான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாரே, தெரியாதா உனக்கு?"

"என்ன சொல்லிக்கொடுத்தாரு?"

"கட்டை எந்த அளவுல வெட்டணும், எப்படி அடைச்சா நழுவாது, எந்தக் கையை எப்ப இழுத்துக்கணும்னு. எங்க கூடத்துல மேஜையை மெஷின்னு வச்சு ரெண்டு பேரும் செஞ்சு பாத்தாங்க. நீட்டுவாரு, இழுப்பாரு, நீட்டுவாரு, இழுப்பாரு. நானும் தம்பியும் சிரிச்சோம், ஏதோ டான்ஸ் மாதிரி இருந்துச்சு. உங்க அப்பா சிரிக்கவே இல்ல. 'இன்னும் வேகமா இழு, இன்னும் வேகமா'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. இந்தத் தடவை யாராவது ஆபீஸ்லேர்ந்து வந்தா தெரியாத மாதிரி, சட்டுனு உருவுற கட்டையா செஞ்சு கொடுத்திருக்காரு."

குள்ளி என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நீ யார்கிட்டயும் சொல்லிடாத. என்மேல சத்தியம் பண்ணு. சொன்னா எங்க அப்பாவுக்கும் போயிடும்."

சத்தியம் செய்தேன். அவள் தலை சூடாக இருந்தது. பிறகு அவள் டப்பாவிலிருந்து பாதியை என் டப்பாவில் போட்டாள். சாப்பிட்டேன். மாலையில் மணி அடித்ததும் அவள் என்னோடு நடந்து வரவில்லை. ஆலைப் பக்கமாகப் போனாள். அப்பாவோடு சேர்ந்து வரப்போகிறேன் என்றாள். நான் எதற்காக வாசலில் காத்திருந்தேனோ, அதற்காகத்தான் போகிறாள் என்று நினைக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

அதனால் நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம் சித்தி. சொல்ல உங்களுக்கும் இப்போது யாரும் இல்லை.

அம்மா சீக்கிரமே கடைக்குக் கிளம்பிவிடுகிறாள். அதனால் இன்று காலை அப்பாவே எனக்குத் தலை பின்னிவிட்டார். இதுவரைக்கும் பின்னியதில்லை. எப்படி என்று கேட்டார், மூன்று பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னினார். பத்து விரலும் தலையில் பட்டது. எங்கேயும் நழுவக் கூடாது என்று ரொம்ப இறுக்கிவிட்டார். நெற்றித் தோல் இழுத்துக்கொண்டு வலித்தது.

"சரியா இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா" என்றேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாலு